எஸ்பி, எல்பி, ஓர் ஆன்டெனாக் கம்பம்

பரணில் கிடந்த வீடியோ கேசட்டுகளைக் கடந்த இரண்டு மாதங்களாக ஒவ்வொன்றாகக் கணினிக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அவற்றுள் இரண்டு கேசட்டுகளில் ஒரே நிகழ்ச்சி இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் நாள் மாலையில் தூர்தர்ஷனில் வந்த நாதஸ்வரக் கச்சேரி அது. ஒன்றை அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு டெக்கில், அதாவது வீடியோ ரெக்கார்டரில், அப்பா எஸ்பி என்ற வழக்கமான வேகத்தில் பதிவு செய்தார். மற்றொன்றை அதே நேரத்தில் வத்தலக்குண்டில் சித்தப்பா, ஒரே கேசட்டில் ஆறு மணி நேரம் அடங்க வேண்டும் என்பதற்காக, எல்பி என்ற பாதி வேகத்தில் பதிவு செய்தார். நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் படம் பாதியாகக் கெடும் என்பது அந்நாளில் எங்கள் வீட்டில் வேதவாக்கு. இப்போது இரண்டையும் ஒரே டெக்கில் போட்டு, ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தால், சித்தப்பாவின் எல்பி பதிவுதான் எல்லா வகையிலும் மேலாக இருக்கிறது. கச்சேரியின் ஒலி மட்டும் விதிவிலக்கு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இது எப்படி நேர்ந்தது என்று யோசிக்கத் தொடங்கியதில், வீட்டு ரெக்கார்டர்களின் படத்தரம் பற்றி நாங்கள் அன்று நம்பிக்கொண்டிருந்தவற்றுள் பாதி தவறு என்று தெரிந்தது.

முதலில் வேகத்தை எடுத்துக்கொள்வோம். விஎச்எஸ் (அன்று வீடுகளில் பரவலாக இருந்த வீடியோ கேசட் முறை) டெக்கில் நாடா ஓடும் வேகம் வேறு, படத்தைப் பதியவும் படிக்கவும் செய்யும் ஹெட் நாடாவை உரசிச் செல்லும் வேகம் வேறு. பால் (PAL) என்ற நம் ஒளிபரப்பு முறையில் எஸ்பியில் நாடா நொடிக்கு 2.34 செ.மீ. நகர்கிறது, எல்பியில் அதில் பாதி, 1.17 செ.மீ. ஆனால் ஹெட்டுகள் பொருத்தப்பட்ட 62 மி.மீ. விட்டமுள்ள உருளை நொடிக்கு 25 முறை சுழல்கிறது. அந்தச் சுழற்சியால் ஹெட் நாடாவின் மீது நொடிக்குக் கிட்டத்தட்ட 4.85 மீட்டர் வேகத்தில் சாய்வாகக் கோடு போட்டுக்கொண்டே போகிறது. இந்த 485 சென்டிமீட்டரோடு ஒப்பிட்டால், நாடாவின் சொந்த வேகத்தில் குறையும் ஒரு சென்டிமீட்டர் சில்லறைக் கணக்கு. ஆகவே படத்தில் எவ்வளவு நுணுக்கம் பதிய முடியும் என்பது எஸ்பியிலும் எல்பியிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

மாறுவது கோட்டின் அகலம். எஸ்பியில் ஒவ்வொரு தடமும் 49 மைக்ரான் அகலம். எல்பியில் அதில் பாதி. தடம் குறுகினால் ஹெட்டுக்குக் கிடைக்கும் சிக்னல் பாதியாகிறது. நாடாவிலிருந்து வரும் இரைச்சலும் குறைகிறது என்றாலும் அது அதே அளவுக்குக் குறைவதில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், கணக்குப்படி சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 3 டெசிபல் மோசமாகிறது. திரையில் அது பொடிப்பொடியான புள்ளிகளாகத் தெரியும். நிறமுள்ள பெரிய பரப்புகளில், குறிப்பாகச் சிவப்புத் திரைச்சீலையிலும் நீல வானத்திலும், எறும்பு ஊர்வது போன்ற அசைவாகத் தெரியும். டிராக்கிங், அதாவது ஹெட் தடத்தோடு ஒட்டிப் போவது, கொஞ்சம் விலகினாலும் எல்பி பதிவு உடனே கோடுகோடாகிவிடும். ஹெட் வழிதவற அங்கே அவ்வளவு இடம்தான் இருக்கிறது. பழைய எல்பி கேசட்டுகள் வேறொருவர் வீட்டு டெக்கில் ஓட மறுத்ததற்குக் காரணம் இதுதான்.

இதைச் சொல்லளவில் விட்டுவிடாமல் சோதித்தும் பார்த்தேன். பிலிப்ஸ் நிறுவனத்தின் பிஎம்5544 என்ற கருவி உருவாக்கிய வட்ட வடிவச் சோதனைப் படத்தை அறிந்தவர்கள் இருப்பீர்கள். உலகின் பல தொலைக்காட்சி நிலையங்கள் நிகழ்ச்சி தொடங்குமுன் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. அதன் நடுவே நெருக்கமான செங்குத்துக் கோடுகள் ஐந்து கட்டங்களாக இருக்கும்: 0.8, 1.8, 2.8, 3.8, 4.8 மெகாஹெர்ட்ஸ். அந்தப் படத்தை டிவிடியில் ஏற்றி, டிவிடி பிளேயரின் ஏவி வெளியீட்டை டெக்குக்குக் கொடுத்து, புதிதாகப் பிரித்த ஓர் இ-180 (எஸ்பியில் மூன்று மணி நேரம் ஓடும்) கேசட்டில் ஐந்து நிமிடம் எஸ்பியிலும் ஐந்து நிமிடம் எல்பியிலும் பதிந்தேன். திரும்ப ஓட்டிப் பார்த்தபோது முதல் இரண்டு கட்டங்களில் கோடுகள் தனித்தனியே நின்றன. மூன்றாவது கட்டத்தில் கோடு இருப்பதாக ஊகிக்க முடிந்தது. நான்காவதும் ஐந்தாவதும் சாம்பல் பூசிய சுவர் போல ஆகிவிட்டன. எஸ்பி, எல்பி இரண்டிலும் இதே முடிவுதான். எல்பியில் அந்தச் சாம்பல் சுவர் லேசாகக் கொதித்துக்கொண்டிருந்தது என்பது ஒன்றே வேறுபாடு.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். விஎச்எஸ் என்றால் 240 கோடு, ஒளிபரப்பு என்றால் 625 கோடு என்று இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தி, பாதிக்கு மேல் போய்விட்டது என்று பலர் எழுதுகிறார்கள். இவை இரண்டும் வெவ்வேறு கோடுகள். 625 என்பது திரையில் மேலிருந்து கீழாக அடுக்கப்படும் வரிகளின் எண்ணிக்கை. அவற்றில் கண்ணுக்குத் தெரியும் 576 வரிகளையும் விஎச்எஸ் ஒன்றுவிடாமல் பதிகிறது. 240 என்பது ஒரு வரிக்குள் இடமிருந்து வலமாக எத்தனை நுணுக்கங்கள் பிரிந்து தெரியும் என்பதற்கான அளவு. அந்த அளவையில் நம் ஒளிபரப்பின் 5 மெகாஹெர்ட்ஸ் ஏறத்தாழ 400 வரும். விஎச்எஸ்ஸின் 3 மெகாஹெர்ட்ஸ் 240 வரும். ஆகவே 400க்கு 240 என்பதே சரியான ஒப்பீடு. 1987இல் வந்த எஸ்-விஎச்எஸ் என்ற மேம்பட்ட வகை இந்த இடைவெளியை அடைத்துவிட்டது. ஆனால் அந்த டெக்கைப் பங்குபோட்டு வாங்கும் அளவுக்குக்கூட எங்கள் தெருவில் வசதி இருந்ததில்லை.

உண்மையில் விஎச்எஸ் அதிகமாக வஞ்சித்தது நிறத்தைத்தான். ஒளிபரப்பில் 4.43 மெகாஹெர்ட்ஸில் வரும் நிறச் சிக்னலைக் கழற்றி, 627 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி, கறுப்பு வெள்ளைச் சிக்னலுக்குக் கீழே மீதமிருக்கும் இடுக்கில் அதைத் திணிக்க வேண்டியிருந்தது. இதனால் கறுப்பு வெள்ளை விவரம் ஓரளவு தப்பியது. நிறம் மட்டும் அகலத் தூரிகையால் பூசியது போல ஆனது. அந்த நாதஸ்வரக் கச்சேரியில் வித்துவானின் நெற்றிக் குங்குமம் வட்டமாக இல்லை. வலப்பக்கம் இழுபட்டு, புருவத்தின் மேல் கசிந்து நிற்கிறது. தவில்காரரின் வேட்டிக் கரை கரையைவிட்டு வெளியே வந்து வெள்ளையின் மீது படர்ந்திருக்கிறது. இரண்டு டெக்குகளைக் கோத்து நகல் எடுத்தால் இந்தக் கசிவு இன்னும் கொஞ்சம் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் நகரும். நகலின் நகலில் உதட்டுச் சிவப்பு மோவாயில் இருக்கும். கல்யாண வீடியோக்களை உறவினர் கையிலிருந்து வாங்கி நகல் எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, எஸ்பி பதிவு ஏன் தோற்றது என்ற கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் டெக் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது. மல்டி சிஸ்டம், நான்கு ஹெட், முகப்பில் எச்கியூ என்ற எழுத்து. அதை மேசையில் வைத்து, கொடைக்கானல் நிலையத்திலிருந்து வந்த சிக்னலைப் பதிந்தோம். அருப்புக்கோட்டையிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் 100 கி.மீ. அளவில் வடமேற்கே இருக்கிறது. வத்தலக்குண்டோ மலையின் காலடி, 30 கி.மீ. இருக்கும். சித்தப்பா வீட்டில் ஆன்டெனா மாடிச் சுவரில் ஒரு முழத்தில் நின்றது. எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய்களைத் திருகி இணைத்து ஆளுயரத்தில் மூன்று மடங்கு கம்பம் நட்டு, அதற்குக் கீழே பூஸ்டரையும் கட்டியிருந்தார்கள். ஆடி மாதக் காற்றில் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். ஒருவர் மாடியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு திருப்ப, ஒருவர் படிக்கட்டில் நின்று செய்தியைக் கடத்த, ஒருவர் டிவிக்கு முன் நின்று “இப்ப சரி, இப்ப போச்சு” என்று கத்துவது வாராந்திரச் சடங்கு.

படத்தில் புள்ளி அடிக்கிறது என்று அப்பா முதலில் சந்தேகப்பட்டது டெக்கைத்தான். மெக்கானிக்கை அழைத்துவந்தார். அவர் மூடியைத் திறந்து ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, ஒரு வாடகைக் கேசட்டைப் போட்டு ஓட்டிக் காட்டினார். படம் பளிச்சென்று இருந்தது. “அண்ணாச்சி, டெக்குல ஒண்ணும் இல்ல. உள்ள வர்றதுதான வெளிய வரும்? மாடிக்குப் போயி ஆன்டெனாவப் பாருங்க” என்றார். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. வெளிநாட்டு டெக் என்பதால் கெட்ட சிக்னலையும் அது சரிசெய்து பதியும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

நிலைமை அதற்கு நேர்மாறானது. புள்ளி விழும் படத்தை நேரடியாக டிவியில் பார்க்கும்போது கண் அதைப் பொறுத்துக்கொள்கிறது. அதே படம் விஎச்எஸ்ஸுக்குள் போகும்போது, சன்னமான புள்ளிகளையும் டெக் படத்தின் விவரமாக நினைத்துப் பதிகிறது. 3 மெகாஹெர்ட்ஸுக்குள் அடக்க முயலும்போது அவை உருகிப் பெரிய திட்டுகளாகின்றன. அதன்மேல் நாடாவின் சொந்த இரைச்சலும் ஏறிக்கொள்கிறது. நிறச் சிக்னல் வலுவில்லாமல் வந்தால் நிறம் விட்டுவிட்டு வரும். வத்தலக்குண்டில் சுத்தமான சிக்னல் எல்பியின் 3 டெசிபல் நஷ்டத்தை மட்டும் தாங்கியது. அருப்புக்கோட்டையில் எஸ்பி நாடாவுக்குப் போய்ச் சேரும் முன்பே அதைவிடப் பல மடங்கு நஷ்டம் கணக்கில் ஏறிவிட்டது.

பதிவு ஓடும்போது டிவியில் தெரியும் படம் நாடாவில் இருக்கும் படமல்ல என்பதும் எங்களுக்கு வெகுநாள் தெரியாது. ரெக்கார்ட் பொத்தானை அழுத்தியதும் டெக் உள்ளே வரும் சிக்னலை அப்படியே டிவிக்கும் தள்ளிவிடுகிறது; நாடாவில் என்ன பதிந்தது என்பதைத் திரும்ப ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஹெட் அடைத்துக்கொண்டிருந்தாலும் பதிவின்போது படம் அருமையாகவே தெரியும். ஞாயிறு காலை இதிகாசத் தொடரின் ஒரு வாரப் பகுதி முழுவதும் எங்களிடம் வெறும் பனிமழையாக இருப்பது இதனால்தான். இரண்டு டெக்குகளை ஒப்பிட விரும்புகிறவர்கள் இதை மட்டும் மறக்கக்கூடாது. பதிந்த டெக்கிலேயே ஓட்டிப் பார்ப்பது ஒரு சோதனை. ஒரே கேசட்டை இரண்டிலும் ஓட்டிப் பார்ப்பது வேறொரு சோதனை. ஒன்றின் முடிவை மற்றொன்றின் மீது ஏற்றினால் நல்ல டெக்குக்கு அவப்பெயர்தான் மிஞ்சும்.

விளம்பரங்களைத் தவிர்க்க பாஸ் பொத்தானால் பதிவை நிறுத்தி நிறுத்தி எடுத்த இடங்களில் படம் சேரும்போது ஒரு வானவில் திரையில் மேலிருந்து இறங்கும். சுழலும் உருளையிலேயே அழிக்கும் ஹெட் இல்லாத டெக்குகளில் பழைய பதிவு முழுமையாக அழியாமல் புதியதோடு கலப்பதால் வருவது அது. எனக்கு அது பிடிக்கும் என்பதைத் தரம் பற்றிய பதிவில் சொல்வது முறையல்ல.

விஎச்எஸ்ஸின் போட்டி முறையான பீட்டாமேக்ஸ் பற்றிக் கேட்பவர்களுக்காக ஒரு வரி: 1975இல் சோனி கொண்டுவந்த அதன் படம் மேலானது என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை, வீட்டு டிவியில் பார்க்கிறவருக்கு அந்த வேறுபாடு மிகச் சிறியது, நல்ல கேசட்டுக்கும் உறை மட்டும் மாற்றிய போலிக் கேசட்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

ஒலிக்கு வருகிறேன். படத்தைப் பதியும் ஹெட் சுழல்கிறது. சாதாரண டெக்கில் ஒலியைப் பதியும் ஹெட்டோ நாடாவின் ஓரத்தில் அசையாமல் நிற்கிறது. ஆகவே ஒலிக்குக் கிடைப்பது நாடாவின் சொந்த வேகம் மட்டுமே. நாம் பாட்டுக் கேட்ட ஆடியோ கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடியது. எஸ்பி அதில் பாதி; எல்பி கால்பங்கு. சித்தப்பாவின் கேசட்டில் நாதஸ்வரத்தின் மேல்ஸ்தாயி கம்பளிக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது. தவிலில் வலந்தலையின் அடி தெறிக்காமல் தட்டையாக விழுகிறது. அப்பாவின் கேசட்டில் சீவாளியின் கரகரப்புக்கூட இருக்கிறது. எல்பியில் போகிறது என்று எல்லாரும் படத்தைக் காட்டினார்கள், போனது காதுக்கு. ஹைஃபை டெக் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதில் ஒலியும் சுழலும் ஹெட் வழியாகவே பதிகிறது. முடிவில் நான் சித்தப்பாவின் படத்தையும் அப்பாவின் ஒலியையும் கணினியில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். இரண்டு டெக்குகளின் வேகத்தில் இருந்த நூலளவு வேறுபாட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலியை வெட்டி நகர்த்த வேண்டியிருந்தது. மூன்று மாலைகள் அதற்கே போயின.

2000களில் டிவிடி ரெக்கார்டர் வந்தபோது அதே எஸ்பி, எல்பி என்ற எழுத்துகளைப் பொத்தான்களில் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அங்கே எல்பி என்பதற்குப் பொருளே வேறு. ஒரு தட்டில் 4.7 ஜிபி, அதில் ஒரு மணி நேரம் போட்டால் எக்ஸ்பி, இரண்டு மணி நேரம் எஸ்பி, நான்கு மணி நேரம் எல்பி. நான்கு மணி நேரம் என்று அழுத்தியதும் பல கருவிகள் வரிக்கு 720 புள்ளிகளாக இருந்த படத்தை 352 ஆக்கிவிடுகின்றன. விஎச்எஸ்ஸில் நடக்காத பாதியாக்கம் இங்கே உண்மையாகவே நடக்கிறது. அதோடு, டிவிடியில் படத்தைச் சுருக்கும் எம்பெக் முறைக்குப் புள்ளி மழை ஆகவே ஆகாது. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு பிரேமிலும் இடம் மாறுவதால், கருவி தன்னிடமிருக்கும் பிட்டுகளையெல்லாம் இரைச்சலை வரைவதிலேயே செலவழித்துவிட்டு முகத்துக்கு வரும்போது கையை விரிக்கிறது. கன்னத்தில் கட்டம் கட்டமாக விழுகிறது. பழைய கேசட்டை நான்கு மணி நேர வேகத்தில் டிவிடிக்கு மாற்றியவர்கள், கேசட்டைத் தூக்கி எறியாமல் இருந்தால் மறுபடி ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். ஏவி கம்பிக்குப் பதிலாக எஸ்-வீடியோ கம்பி கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். நிறமும் வெளிச்சமும் தனித்தனியாக வருவதால் எழுத்துகளின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்வது நிற்கும்.

தரம் ஒன்றையே பார்த்தால் இதுவரை வீட்டில் நடந்த பதிவுகளிலேயே குறையற்றது டிஷ் பெட்டியோடு வந்த ஹார்ட் டிஸ்க் பதிவு. விண்கோளிலிருந்து வந்த எண்களை அது அப்படியே வட்டில் எழுதிக்கொள்கிறது, இன்னொரு முறை சுருக்குவதில்லை, பார்ப்பது ஒளிபரப்பேதான். எஸ்பியும் இல்லை, எல்பியும் இல்லை. நான்கு ஆண்டுகள் அதில் பதிந்த கச்சேரிகள் என்னிடம் இருந்தன. பெட்டி பழுதாகி நிறுவனம் வேறு பெட்டி கொடுத்தபோது, பழைய வட்டில் இருந்தவை அந்தப் பெட்டிக்கு மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டவை என்று சொன்னார்கள். அவற்றில் ஒரு நிமிடம்கூட இப்போது என்னிடம் இல்லை.

அப்பாவின் கேசட்டில் இன்னொரு குறையும் இருந்தது. ஒவ்வொரு உருவத்துக்கும் வலப்பக்கம் மங்கலாக ஒரு நிழல் உருவம். ஆன்டெனாவுக்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒன்றில் சிக்னல் பட்டுத் திரும்பித் தாமதமாக வருவதால் அது விழுகிறது என்று அந்த மெக்கானிக் அன்றே சொன்னார். அந்த ஏதோ ஒன்று பின்தெரு அரிசி ஆலையின் தகரக் கூரை என்று அப்பா முடிவுகட்டி, ஆலைக்காரரோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது கணினியில் ஒரு பிரேமை நிறுத்தி, நாதஸ்வரத்தின் அணைசுக்கும் (கீழ்முனையில் விரிந்த வாய்) அதன் நிழலுக்கும் உள்ள இடைவெளியை எண்ணினேன்: 27 புள்ளிகள். படம் நொடிக்கு 1.35 கோடி புள்ளிகளாக வெட்டப்படுவதால் 27 புள்ளிகள் என்பது 2 மைக்ரோநொடி. அந்த நேரத்தில் ரேடியோ அலை 600 மீட்டர் போகும். போக 300, வர 300. அரிசி ஆலை எங்கள் வீட்டிலிருந்து 120 மீட்டர்தான். அதுவாக இருந்திருந்தால் நிழல் 11 புள்ளிகளில் விழுந்திருக்க வேண்டும். வரைபடத்தில் அளந்து பார்த்தேன். வீட்டுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 300 மீட்டரில் அன்று ஊர்த் தண்ணீர்த் தொட்டி இருந்தது. கணக்கை எழுதிக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, தகரம்தான் அப்படி அடிக்கும், சிமெண்ட் தொட்டி அடிக்காது என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.